தகடூரின் பெருமக்கள் பட்டியல்



2025ஆம் ஆண்டில் நம் மாவட்டத்திற்கு இரண்டு நினைவு நாட்கள் வந்து சென்றன. ஜூலை 23 அன்று, தியாகி சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் கண்மூடி நூறு ஆண்டுகள் நிறைவுற்றன. அக்டோபர் 2 அன்று, சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகி அறுபது ஆண்டுகள் நிறைவுற்றன. இத்தகைய நாட்களில் மேடைகளிலும் பள்ளிகளிலும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: நம் மண்ணின் பெருமக்கள் யார்? பதிலும் தவறாமல் ஒன்றேதான். அதியமான், ஔவையார், சுப்பிரமணிய சிவா. சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள் தாமஸ் மன்றோவையும் சேர்த்துக்கொள்வார்கள். அத்துடன் பட்டியல் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் உள்ள எவரையும் நீக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் நினைக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் பட்டியல் ஏன் இங்கேயே நின்றுவிடுகிறது என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் அதியமான் நெடுமான் அஞ்சி. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதன் தலைவன் அவன். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அவன் இலக்கியத்தில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன் என்பதற்குக் கல்லே சாட்சி. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் துறவியருக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. அதில் அவனுக்கு வழங்கப்படும் பட்டப்பெயர், பேரரசர் அசோகரின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியரோடு ஒருங்கே சொல்லப்படும் சத்தியபுத்திரர் என்ற பெயரே. அதுவரை அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு குன்றின் கல் அந்த வாதத்தை முடித்து வைத்தது.

அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவை பாடுகிறார். இன்று மொரப்பூர், அரூர்ப் பகுதியில் கரும்பு பயிரிடும் நம் விவசாயிகள் அதைக் கோபாலபுரம் ஆலைக்கு ஏற்றி அனுப்பும்போது இதை நினைப்பார்களோ என்னவோ. அந்த ஆலைக்குப் பெயர் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை. பட்டியலின் முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒரே கரும்பு வண்டியில் ஏறிவிட்டன.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அதியமான் தோற்றுப்போனவன். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். தகடூர் எறிந்தவன் என்ற சிறப்புச் சேரனுக்குக் கிடைத்தது. ஆயினும் தருமபுரியில் நாம் கொண்டாடுவது வென்றவனை அல்ல, கொடுத்தவனை. இது நம் ஊருக்கு உரிய ஒரு நல்ல குணம் என்றே நான் கருதுகிறேன்.

தாமஸ் மன்றோ 1792இல் இங்கு வந்தார். அந்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகால் பகுதியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக, 1799 வரை, மன்றோ தருமபுரியில் தங்கி வயல் வயலாகச் சென்று நிலம் அளந்தார். இடைத்தரகர் இல்லாமல் உழவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஆளுநராகவே அவர் உயர்ந்தார். ஒவ்வொரு வயலுக்கும் எண், ஒவ்வொரு பட்டாவுக்கும் ஒரு பெயர் என்று நாம் இன்று காணும் ஏற்பாட்டின் வேர் அவரிடம் இருக்கிறது. ஆனால் பட்டாவில் பெயர் ஏறாதவர்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? பண்ணையில் உழைத்த நிலமற்ற மக்களும் மலைமேல் வாழ்ந்த மக்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் கீழ்க் காடுகள் அரசின் காடுகளாக ஒதுக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் 1884இல் பிறந்தவர். 1908இல் வ.உ.சிதம்பரனாரோடு சிறை சென்றார். சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்து அனுப்பியது. தொழுநோயாளர் இரயிலில் ஏறக் கூடாது என்று அன்றைய அரசு தடுத்ததால், ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் சென்று பேசினார். அந்த ஆண்டுகளில் நம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிறிய இரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 1906இல் தொடங்கிய அந்தக் குறுகிய பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டு, 1941இல் போர்க்காலத்தில் மூடப்பட்டது. நாட்டின் விடுதலைக்காக நோயுற்ற மனிதருக்கு அதில் ஏற உரிமை இல்லை. (அந்தப் பாதையை அகல இரயில் பாதையாக மீண்டும் அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலமெடுப்பில் அது பட்ட பாட்டை மொரப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப அவர் விரும்பினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்கும் முன்னரே 1925இல், தமது நாற்பத்தோராம் வயதில், சிவா இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அரசு அங்கே ஒரு நினைவாலயம் கட்டியது. 2022 ஆகஸ்டில் அதன் வாயிற்பூட்டு உடைக்கப்பட்டதும், வழக்கும் கைதும் தொடர்ந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அதில் எந்தக் கட்சி சரி என்பது என் பொருள் அல்ல. உடலெல்லாம் புண்ணோடு இந்த மண்ணில் அலைந்த ஒரு மனிதரின் நினைவிடத்தில், பூட்டைப் பற்றித்தான் நாம் பேசினோம். புண்ணைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வேடிக்கை. இந்தப் பட்டியலில் தகடூர்க்காரன் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவன் அதியமான் ஒருவனே. ஔவை பாணர் மரபில் ஊர் ஊராகச் சென்றவர். மன்றோ ஸ்காட்லாந்துக்காரர். சிவா வத்தலக்குண்டுக்காரர். வந்தவரைத் தன் மகனாக ஏற்றுக்கொள்ளும் தாராள மனம் தருமபுரிக்கு இருக்கிறது. அப்படியானால் இங்கேயே பிறந்து, இங்கேயே துன்புற்று, இங்கேயே நின்று போராடியவர்கள் ஏன் பட்டியலில் ஏறவில்லை?

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் நமக்குத் திருவருகைக் காலத்தில் வாசிக்கப்படுவது. அதன் தொடக்கத்தில் லூக்கா ஏழு பெரிய மனிதர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். திபேரியு சீசர், பொந்தியு பிலாத்து, ஏரோது, பிலிப்பு, லிசானியா, பிறகு தலைமைக் குருக்களான அன்னா, கயபா. அன்றைய பாலஸ்தீனத்தின் பெருமக்கள் பட்டியல் அது. இத்தனை பேரையும் சொல்லிவிட்டு, கடவுளின் வாக்கு இவர்களில் யாருக்கும் வரவில்லை, பாலைநிலத்தில் இருந்த செக்கரியாவின் மகன் யோவானுக்கு வந்தது என்கிறார். விடுதலைப் பயண நூல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதில் எகிப்து மன்னனின் பெயர் எங்கும் இல்லை, வெறும் பார்வோன்தான். எந்தப் பார்வோன் என்று வரலாற்று அறிஞர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஆனால் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அவனுடைய ஆணைக்குப் பணியாத மருத்துவப் பெண்கள் இருவரின் பெயர்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன: சிப்ரா, பூவா. திருவிவிலியம் பட்டியல் போடும் முறை இது.

இந்த முறையில் நம் மாவட்டத்துக்குப் பட்டியல் போட்டால் அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் தொடங்க வேண்டியிருக்கும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கியிருப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளையும் சேர்ந்தவர்கள் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்தவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். ஊரின் நடுவே ஆலமரத்தடியில் எல்லாரையும் கூட்டி அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஆடு மாடுகளைக் கொன்றார்கள். கிணற்றைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்களை, அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு, ஏரிப் பக்கம் கொண்டுசென்று பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். பிறகு பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதாகிச் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். குற்றம் செய்தவர்கள் சீருடையில் வீடு திரும்பினார்கள். குற்றத்திற்கு ஆளானவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே அன்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட பதில். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும் அந்த மக்களுடன் நின்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை சென்று, உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு ஆணை பெற்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களில் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 17 பேர் பாலியல் வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவர்கூட விடுவிக்கப்படவில்லை.

மேல்முறையீடு நடந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கே நேரில் சென்று, இடங்களைப் பார்த்து, மக்களிடம் கேட்டறிந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும். அவர்களுக்கு அல்லது குடும்பத்தாருக்கு வேலையோ சுயதொழிலோ. அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை. வாச்சாத்தி மக்களின் வாழ்க்கைத் தரம் உயரச் செய்யப்பட்டது என்ன என்று அரசு அறிக்கை தர வேண்டும். இவை அந்தத் தீர்ப்பின் கூறுகள். உண்மையான சந்தனக் கடத்தல்காரர்களையும் செல்வாக்கு உள்ளவர்களையும் காப்பாற்றவே இந்த ஏழை மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்றும் தீர்ப்பு கண்டது.

தேதியைக் கவனித்தீர்களா? 2011இலும் 2023இலும் செப்டம்பர் 29. நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் அது அதிதூதர்களான மிக்கேல், கபிரியேல், இரபேல் விழா. நீதிமன்றம் இதைப் பார்த்துத் தேதி குறித்திருக்காது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திருப்பலியை நிறைவேற்றும்போது எனக்கு வாச்சாத்தி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இவ்விடத்தில் ஆண்டவர் சொன்ன உவமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நடுவரிடம் ஓயாமல் நீதி கேட்ட கைம்பெண்ணின் உவமை. இதை இடைவிடாமல் செபிக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக மறையுரைகளில் எடுத்துச் சொல்கிறோம். லூக்காவும் அப்படித்தான் தொடங்குகிறார். ஆனால் அவள் செபக்கூடத்திற்குப் போகவில்லை, நீதிமன்றத்திற்குப் போனாள் என்பதை நாம் அதிகம் சொல்வதில்லை. வாச்சாத்திப் பெண்கள் முப்பத்தொரு ஆண்டுகள் போனார்கள். அடையாள அணிவகுப்பில் தங்களைச் சிதைத்தவர்களின் முகத்துக்கு நேராக நின்று விரல் நீட்டினார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி, தாய் மகளிடம்கூடச் சொல்லத் தயங்குவதை அந்நியர் முன் சொன்னார்கள். நம் ஊர்ப்புறத்தில் ஒரு பெண்ணுக்கு அது என்ன விலை என்பது பெண்களுக்குத் தெரியும். அவர்கள் பின்வாங்கியிருந்தால் வழக்கு என்றைக்கோ கரைந்திருக்கும்.

இந்தப் பெண்களின் பெயர்களை நான் எழுதவில்லை. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை, அதுவே முறையும்கூட. ஆனால் பெயர் சொல்ல முடியாதவர்களைப் பெருமக்கள் பட்டியலில் சேர்க்க முடியாது என்று யார் சொன்னது? வாச்சாத்திப் பெண்கள் என்று ஒரே வரியில் எழுதினால் போதாதா? நம் திருச்சபை நவம்பர் 1 அன்று புனிதர் அனைவருக்கும் விழா எடுப்பதே பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துத்தானே?

உலகின் மறுகோடியிலிருந்து ஒன்று. கரீபியன் கடலில் உள்ள எயித்தி நாட்டில் சேன்-மார்க் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அந்த நாடு, அடிமைகளே கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற நாடு. தளபதிகளுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் சேன்-மார்க் பகுதியில் பிறந்தவர்களில் கத்தோலிக்கத் திருச்சபை தலைவணங்கி நிற்பது ஒரு முடிதிருத்தும் தொழிலாளியிடம். அவர் பெயர் பியேர் துசேன். கரும்புத் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1787இல் எசமானரோடு நியூயார்க் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே சீமாட்டிகளுக்குக் கூந்தல் அலங்காரம் செய்யும் தொழில் கற்றார். எசமானர் இறந்து குடும்பம் நொடித்தபோது, அந்த அடிமையே தம் உழைப்பால் எசமானியைக் காப்பாற்றினார். 1807இல் விடுதலை பெற்றபின் அனாதைச் சிறுவர்களை வீட்டில் வளர்த்தார். கொள்ளைநோய்க் காலத்தில் எல்லாரும் ஓட, நோயாளிகளிடம் சென்றார். 1853இல் இறந்தார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தார். இன்று நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில், கர்தினால்களும் பேராயர்களும் துயிலும் அடிநிலக் கல்லறையில், அவருக்கும் இடம் இருக்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பழைய கல்லறைத் தோட்டத்தில் கிடந்தவரைத் தேடியெடுத்துத்தான் அங்கே வைத்தார்கள். பட்டியலைத் திருத்த முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் திருத்த வேண்டியவை இன்னும் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தின் பெயரால் நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம் காலனியிலும் அருகிலுள்ள இரண்டு காலனிகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்தது ஒரு மாலைப்பொழுதில் சாம்பலாயிற்று. அதைப் பற்றி நாம் பிறரைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தில், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் எந்தப் பங்கும் நத்தம் காலனியைப் பற்றி உரத்துப் பேச முடியாது.

பிறந்தவுடன் கள்ளிப்பால் கொடுக்கப்பட்ட பெண் சிசுக்கள் இன்னொரு கூட்டம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டதென்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் குழந்தைகளுக்குப் பெயரே வைக்கப்படவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை.

பெயர் பொறிப்பதில் மட்டும் நமக்குக் குறைவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டியவர் யார், 2013இல் திறந்து வைத்தவர் யார் என்று கேட்டால் கட்சிக்காரர்கள் உடனே சொல்வார்கள். ஜப்பான் நிதி உதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய நல்ல திட்டம் அது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகள் ஃப்ளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக வாழ்ந்த பாட்டிமாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்கவில்லை, தண்ணீர்தான் கேட்டார்கள்.

வாச்சாத்திக்குத் திரும்புகிறேன். தண்டனையோடு அங்கே காரியம் முடிந்துவிட்டதாக நாம் நினைத்தால் அது சரியல்ல. 1992இல் அந்த மக்கள் அவ்வளவு எளிதாக வேட்டையாடப்பட்டதற்குக் காரணம், காட்டின்மேல் அவர்களுக்கு எந்தக் காகித உரிமையும் இல்லாததுதான். மன்றோ காலத்துக் கணக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டமும் விட்டுச் சென்ற குறை அது. அதைச் சரிசெய்யத்தான் 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி கிராம சபை கூடி, வன உரிமைக் குழு அமைத்து, யார் எந்த நிலத்தில் எத்தனை காலமாக வாழ்கிறார்கள் என்று பதிவு செய்து மனு கொடுக்க வேண்டும். மனு எழுத வேண்டும், சான்று தேட வேண்டும், அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். சித்தேரி, சேர்வராயன் மலைப்பகுதியில் இதற்கு ஆள் போதாது. படித்த இளைஞர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். நம் பள்ளிகளில் படித்த வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த மக்கள் கத்தோலிக்கர்கள் அல்லர் என்பது ஒரு காரணமே அல்ல. நல்ல சமாரியர் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமயம் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அங்கே முதலில் போய் நின்றவர்கள் செங்கொடி பிடித்தவர்கள் என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்வோம்.

அரூர், மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரப் பங்குப் பேரவைகளின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, வன உரிமை மனுக்களுக்கு உதவ ஆர்வமுள்ளவர்களின் சிறு குழு ஒன்றைப் பங்குதோறும் அமைக்க வேண்டும். இரண்டாவது, பள்ளிகளில் நம் மாவட்டம் பற்றிக் கட்டுரைப் போட்டி வைக்கும்போது, உயர்வகுப்புப் பிள்ளைகளுக்காவது வாச்சாத்தித் தீர்ப்பையும் தலைப்பாகக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் தயங்கினால், உயர் நீதிமன்றத் தீர்ப்பே கையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த செப்டம்பர் 29 அன்று அதிதூதர்கள் விழாத் திருப்பலியில், விசுவாசிகளின் மன்றாட்டில் நான்காவதாக அந்தப் பதினெட்டுப் பெண்களுக்காக ஒரு மன்றாட்டு சேர்க்கப்படட்டும். அதை ஒரு பெண்ணே முன்வந்து வாசித்தால் நன்று.